செத்த செல்ஃபைத் திறந்து பார்த்த பிறகு: பழைய டீசல் லாரிக்கு மாற்று ஸ்டார்டர்

பழைய லாரியின் செல்ஃப் மோட்டார் நின்றுபோனால் உரிமையாளர் முதலில் கேட்பது விலை. அடுத்த கேள்வி, "கம்பெனி ஐட்டமா, லோக்கலா?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கழற்றிக் கீழே வைத்திருக்கும் மோட்டார் எதனால் செத்தது? இதற்குப் பதில் தெரியாமல் வாங்கும் மாற்று, எவ்வளவு நல்ல பெட்டியில் வந்தாலும், முதல் மோட்டாரைக் கொன்ற அதே காரணத்தின் கையில்தான் போய்ச் சேரும். பட்டறைகளில் ஒரே வண்டிக்கு வருஷத்துக்கு ஒரு செல்ஃப் மாற்றிக்கொண்டிருப்பதும், அதே மாடலில் பக்கத்து வண்டி பழைய மோட்டாரோடே வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதும் இதனால்தான். எந்த ஸ்டார்டர் நம்பகமானது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. உங்கள் வண்டிக்கான விடையை இறந்த மோட்டாரே வைத்திருக்கிறது.

இங்கே பேசுவது கம்ப்யூட்டர் கட்டுப்பாடு வருவதற்கு முந்தைய, மெக்கானிக்கல் பம்பு வைத்த வண்டிகளைப் பற்றி. டாடா 1613, 407, லேலண்ட் காமெட், டாரஸ் போன்றவை. நாமக்கல், சங்ககிரி வட்டாரத்து லாரிகளிலும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளிலும் இந்தத் தலைமுறை என்ஜின்கள் நீண்ட காலம் உழைத்திருக்கின்றன. இந்த வண்டிகளுக்கு ஸ்டார்டர் கிடைக்காமல் யாரும் திண்டாடுவதில்லை. சென்னை பாடியில் 1961 முதல் இயங்கும் லூகாஸ் டிவிஎஸ் போன்ற மூல உற்பத்தியாளரின் புது மோட்டார், நம் மோட்டாரையே காயில் கட்டிச் சரிசெய்தது, பழையதைக் கொடுத்துவிட்டு வாங்கும் எக்ஸ்சேஞ்ச் மோட்டார், பெயர் தெரியாத மலிவு நகல் என்று கடைத்தெருவில் நான்கு விதமும் கிடைக்கின்றன. தேர்வு நிறைய இருப்பதுதான் குழப்பத்துக்கும் காரணம்.

முதலில் இந்த மோட்டார் செய்யும் வேலையின் கனத்தை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. சிலிண்டருக்குள் போன காற்றைச் சுமார் 17-இல் ஒரு பங்காக நசுக்கி, அந்த அழுத்தத்தில் 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். பிஸ்டன் மெதுவாக ஏறினால் என்ன ஆகும்? சூடு சிலிண்டர் சுவருக்குள் இறங்கிவிடும். காற்றின் ஒரு பகுதி ரிங்கு வழியாகக் கசிந்துவிடும். ஆகவே கிராங்கு சுற்றினால் மட்டும் போதாது, நிமிடத்துக்கு 100 சுற்றுக்குக் குறையாமல் சுற்ற வேண்டும். 150, 200 என்றால் நிம்மதி. டாடா 697 என்ஜின் ஆறு சிலிண்டரும் 5,675 சி.சி. கொள்ளளவும் கொண்டது. அதை அந்த வேகத்தில் புரட்டச் சில நூறு ஆம்பியர் மின்சாரம் தேவை. "செல்ஃப் சுத்துது, ஆனா வண்டி எடுக்கலை" என்று சொல்லப்படும் புகார்களில் பலவற்றின் பொருள், மோட்டார் சுற்றுகிறது, ஆனால் போதிய வேகத்தில் சுற்றவில்லை என்பதுதான். அந்த வேகம் குறைந்தது மோட்டாராலா, மோட்டாருக்கு வந்து சேரும் மின்சாரத்தாலா என்று பிரித்துப் பார்க்காதவர் குருட்டாம்போக்கில்தான் பணம் செலவழிக்கிறார்.

பிரித்துப் பார்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். என்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி ஸ்டாப் கேபிளை ஒருவர் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு. மீட்டரின் சிவப்பு முனை பேட்டரியின் பிளஸ் தூணிலேயே படவேண்டும், மேலே மாட்டிய கிளாம்பில் அல்ல. கறுப்பு முனை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டில். சாவியைத் திருப்பிச் சில விநாடி சுற்றவிட்டு மீட்டரைப் பாருங்கள். அதில் தெரிவது வழியில் தொலைந்த வோல்ட். 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட்டுக்குள், 24 வோல்ட் வண்டியில் ஒரு வோல்ட்டுக்குள் இருந்தால் கேபிள் சரி. பிறகு பேட்டரியின் மைனஸ் தூணுக்கும் மோட்டார் பாடிக்கும் இடையே அதே போலப் பாருங்கள். இங்கே அந்த அளவில் பாதிக்கு மேல் போகக்கூடாது. கடைசியாகப் பேட்டரித் தூண்கள் இரண்டுக்கும் நடுவே: சுற்றும்போது 12 வோல்ட் வண்டியில் ஒன்பதரைக்கும் 24 வோல்ட் வண்டியில் 19-க்கும் கீழே இறங்கினால், செல்ஃபைக் குறை சொல்லும் முன் பேட்டரியைத் தனியே லோடு டெஸ்ட் செய்தாக வேண்டும்.

வழியில் தொலையும் வோல்ட்டை இவ்வளவு பெரிதுபடுத்துவது ஏன் என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். 400 ஆம்பியர் ஓடும் பாதையில் ஒரு மூட்டில் துருப்பிடித்து 5 மில்லி ஓம் தடை கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மீட்டரில் ஓம் பார்த்தால் அது பூஜ்யமாகத்தான் தெரியும். ஆனால் சுற்றும்போது அந்த மூட்டில் 2 வோல்ட் தொலைகிறது. 800 வாட் சூடு கிளம்புகிறது. ஒரு மின் இஸ்திரிப் பெட்டியின் சூடு அந்தச் சிறிய மூட்டுக்குள். அதனால்தான் கேபிள் முனை தொட்டால் சுடுகிறது, ஈயம் உருகுகிறது. கேபிளின் கனமும் இதே கணக்குதான். 70 சதுர மி.மீ. செம்புக் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 0.27 மில்லி ஓம் தடை. போக வர நான்கு மீட்டர் என்றால் 400 ஆம்பியரில் அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே தொலையும். அதையே 35 சதுர மி.மீ. கேபிளில் போட்டால் 0.9 வோல்ட். பழைய கேபிள் அறுந்தபோது கைக்குக் கிடைத்த வெல்டிங் கேபிளை வெட்டிப் போடுவது நம் பட்டறைகளில் வழக்கம். அது செம்பாக இருந்தால் பிழையில்லை. வெல்டிங் கேபிள் அலுமினியத்திலும் விற்கிறது, அலுமினியம் செம்பின் கடத்தும் திறனில் அறுபது சதவீதம்தான். அதே 35 சதுர மி.மீ. அலுமினியத்தில் 1.4 வோல்ட் போய்விடும். புது மோட்டார் வாங்கி இந்தக் கேபிளில் மாட்டினால் புது மோட்டாரும் சோம்பலாகத்தான் சுற்றும்.

எர்த்துப் பக்கம் இன்னும் கவனிப்பாரற்றது. என்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது; என்ஜினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த்து பட்டை அறுந்தோ, பெயின்ட் அடித்த இடத்தில் முறுக்கியோ இருந்தால், அத்தனை மின்சாரமும் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்டாப் கேபிள், கியர் லிங்கேஜ் வழியாகப் பாயும். செல்ஃப் அடிக்கும்போது ஸ்டாப் கேபிள் சூடாகிறது என்று ஓட்டுநர் சொன்னால் வேறு ஆதாரமே வேண்டாம், எர்த்தைப் பாருங்கள். 24 வோல்ட் லாரிகளுக்கே உரிய இன்னொரு தொல்லை உண்டு. இரண்டு பேட்டரியைத் தொடராகக் கட்டியிருப்பார்கள். பாட்டுப் பெட்டிக்கும் செல்போன் சார்ஜருக்கும் அலங்கார விளக்குக்கும் 12 வோல்ட் வேண்டுமென்று அதில் ஒரே ஒரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுப்பார்கள். அந்தப் பேட்டரி எப்போதும் அரைவயிறாகவே கிடக்கும். மற்றது அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஏறித் தண்ணீர் வற்றும். தொடரில் ஒன்று பலவீனமானால் இரண்டும் பலவீனம்தான். ஒரு கன்வர்ட்டர் வைத்து 24-லிருந்து 12 எடுத்துக்கொள்வது புது செல்ஃப் வாங்குவதைவிடச் சின்னச் செலவு.

இந்தச் சோதனைகளில் எல்லாம் தேறிவிட்டது, குற்றம் மோட்டாரில்தான் என்று உறுதியாகிவிட்டது. இனித்தான் கழற்ற வேண்டும். கழற்றியதைத் திறக்கவும் வேண்டும். ஒரு லாரி ஸ்டார்டரின் உள்ளே கண்ணால் பார்த்தே படிக்கக்கூடிய தடயங்கள் இருக்கின்றன. ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகள் கம்யூடேட்டரில் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்மூடியின் உட்புறத்திலும் பாடியின் சுவரிலும் சின்னச் சின்ன ஈயத்துளிகள் தெறித்து ஒட்டியிருந்தால், அந்த மோட்டார் ஈயம் உருகும் அளவுக்குச் சூடாகியிருக்கிறது. ஒரே மூச்சில் நிமிடக்கணக்காக அடித்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படி அடிக்க வேண்டி வந்தது ஏன் என்று அடுத்துத் தேட வேண்டும்: டீசல் லைனில் ஏர் எடுக்கிறதா, ஃபீடு பம்பு தளர்ந்துவிட்டதா, பம்பு டைமிங் தள்ளிப்போயிருக்கிறதா, கம்ப்ரஷன் இறங்கிவிட்டதா? இந்தக் குறை என்ஜினில் இருக்கும்வரை எந்தக் கம்பெனி மோட்டாரும் தாக்குப்பிடிக்காது.

ஆர்மேச்சரின் இரும்பு முதுகும் அதைச் சுற்றியுள்ள போல் ஷூவும் ஒரு பக்கமாகத் தேய்ந்து பளபளத்தால் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசியிருக்கிறது. அது வயதின் அடையாளம், பெரிய குற்றமில்லை. கம்யூடேட்டரில் ஓரிரு பட்டை மட்டும் கருகியிருந்தால் அந்த இடத்துக் காயில் விட்டுப்போயிருக்கிறது. கார்பன் தூள் எண்ணெயோடு குழைந்து சேறாக இருந்தால் என்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறது. சீலை மாற்றாமல் மோட்டார் மாற்றுவது வீண். செம்புப் பட்டைகள் இடத்தைவிட்டு வெளியே பிதுங்கியிருந்தால் அது சுழற்சியின் வேகத்தால் நேர்ந்தது. பிளைவீல் ரிங் கியருக்கும் செல்ஃப் பல்லுக்கும் விகிதம் சுமாராகப் பன்னிரண்டுக்கு ஒன்று. என்ஜின் பிடித்த பிறகும் ஓட்டுநர் சாவியை விடாமல் ஆக்சிலரேட்டரை மிதித்து 2,000 சுற்றுக்குக் கொண்டுபோனால், செல்ஃப் பல்லைத் தாங்கும் பென்டிக்ஸில் உள்ள கிளட்ச் விலகிக்கொள்ளாத பட்சத்தில், ஆர்மேச்சர் நிமிடத்துக்கு 24,000 சுற்று சுற்றியாக வேண்டும். எந்தக் காயிலும் அதைத் தாங்காது. இதைக் கண்டால் பென்டிக்ஸ் இறுகிவிட்டதா, சாவியோ ரிலேயோ ஒட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை.

பல நேரங்களில் இவை எதுவுமே இருக்காது. மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சொலினாய்டின் மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு செம்புத் தலையும் அவற்றை இணைக்கும் ஒரு செம்புத் தட்டும் தெரியும். அவை குழிவிழுந்து கருகியிருக்கும். "டக்" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டு மோட்டார் அசையாமலிருப்பதற்கு இதுவே அடிக்கடிக் காரணம். முழு மோட்டாரையும் மாற்ற வேண்டியதில்லை, சொலினாய்டை மாற்றினால் தீர்ந்தது. "டகடகடக" என்று தொடர்ந்து அடித்தால் கதை வேறு: சொலினாய்டின் இழுக்கும் காயில் பல்லைத் தள்ளிவிடுகிறது, மோட்டார் மின்சாரத்தை இழுத்தவுடன் வோல்ட் சரிந்து பிடித்து நிறுத்தும் காயில் விட்டுவிடுகிறது, வோல்ட் ஏறியதும் மறுபடி இழுக்கிறது. பேட்டரியோ கேபிளோதான் பெரும்பாலும் இதற்குப் பொறுப்பு. பிடித்து நிறுத்தும் காயில் அறுந்திருந்தாலும் இப்படித்தான் அடிக்கும்.

மோட்டார் கழன்றிருக்கும் இந்த நேரத்தில்தான் ரிங் கியரையும் பார்க்க முடியும். செல்ஃப் வாயின் வழியே டார்ச் அடித்து, என்ஜினைக் கையால் ஒரு முழுச் சுற்றுப் புரட்டி எல்லாப் பல்லையும் பாருங்கள். ஆறு சிலிண்டர் என்ஜின் நிறுத்தப்படும்போது ஏதாவதொரு பிஸ்டனின் கம்ப்ரஷனுக்கு எதிராகவே தளர்ந்து நிற்கும். ஆகவே பிளைவீல் எப்போதும் மூன்றே இடங்களைச் சுற்றித்தான் நிற்கும். நான்கு சிலிண்டரில் இரண்டு இடம். பல் தேய்வதும் அந்த இடங்களில்தான். மற்ற இடங்களில் பல் புதிதாகவே இருக்கும். "சில நேரம் கறகறன்னு அரைக்குது, வண்டியை லேசா உருட்டிவிட்டா எடுத்துக்குது" என்பது இந்தத் தேய்வின் துல்லியமான வர்ணனை. தேய்ந்த ரிங்கில் புது செல்ஃபை மாட்டினால் சில மாதத்தில் புதுப் பல்லின் நுனியும் உடையும். ரிங் முழுவதும் கெட்டுப்போகவில்லை என்றால், சூடேற்றிக் கழற்றி, கொஞ்சம் திருப்பிப் போட்டு, தேயாத பல்லை அந்த மூன்று இடத்துக்கும் கொண்டுவரலாம். கியர் பாக்ஸும் கிளட்சும் இறக்கினால்தான் இது நடக்கும் என்பதால் யாரும் உடனே செய்ய மாட்டார்கள். அப்படியானால் கிளட்ச் வேலை வரும்வரை விலை குறைந்த மோட்டாரில் ஓட்டிவிட்டு, ரிங்கைச் சரிசெய்த பிறகு நல்ல மோட்டார் வாங்குவதே புத்தி. மலிவு மோட்டாரை அறிந்தே சிபாரிசு செய்யக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

ஆக, தேர்வு தானாகவே உருவெடுக்கிறது. புஷ், கார்பன், சொலினாய்டு தேய்ந்திருக்கின்றன, ஆர்மேச்சரும் ஃபீல்டு காயிலும் நன்றாக இருக்கின்றன என்றால், உங்கள் பழைய மோட்டாரைப் புதுப்பிப்பதைவிட நம்பகமான வழி வேறில்லை. அந்தப் பாடியின் வார்ப்பு, அந்த ஷாஃப்ட், அந்தச் செம்பு எல்லாம் உங்கள் என்ஜினில் வருஷக்கணக்கில் சோதிக்கப்பட்டவை. ஆர்மேச்சர் கருகியிருந்தால் யோசிக்க வேண்டும். காயில் கட்டித் தரும் கடை மூலத்தில் இருந்த அதே கனமுள்ள செம்புப் பட்டையைப் போடுமா, வார்னிஷில் முக்கிச் சூளையில் காயவைக்குமா என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் புது ஆர்மேச்சரையோ மூல உற்பத்தியாளரின் முழு மோட்டாரையோ வாங்கிவிடுங்கள். பாடியின் மூக்கு விரிசல் விட்டிருந்தாலும், கம்யூடேட்டர் பலமுறை லேத்தில் ஓடி மெலிந்திருந்தாலும் அதே முடிவுதான்.

"கட்டின மோட்டார் நிக்காது" என்று பரவலாக ஒரு கருத்து இருக்கிறது. அதில் உண்மையுண்டு, ஆனால் குற்றம் காயில் கட்டுவதில் இல்லை, சோதிக்காமல் கொடுப்பதில் இருக்கிறது. பெரும்பாலான கடைகளில் மோட்டாரைத் தரையில் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு, பேட்டரி ஒயரைத் தொட்டுச் சுற்றவிட்டுக் காட்டுவார்கள். அது சுமையில்லாத ஓட்டம். சீரிஸ் மோட்டார் சுமையில்லாமல் அற்ப மின்சாரத்திலேயே விர்ரென்று சுற்றும். குறையுள்ள ஈயப் பற்றவைப்பும் பாதி கருகிய கான்டாக்டும் அப்போது வெளிப்படாது. பல மடங்கு மின்சாரம் இழுக்கும்போதுதான் அவை வெளிப்படும். ஆகவே டெஸ்ட் பெஞ்சில் ரிங் கியரோடு இணைத்து, பிரேக் போட்டு, சுமையில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று காட்டச் சொல்லுங்கள். பெஞ்ச் இல்லாத கடையில் குறைந்தபட்சம் ஆர்மேச்சரைக் குரோலர் என்ற சோதனைக் கருவியில் வைத்துக் காட்டச் சொல்லலாம். குரோலரில் ஆர்மேச்சரை வைத்து, அதன் முதுகில் ஒரு ஹாக்ஸா பிளேடைப் பிடித்துக்கொண்டு மெல்ல உருட்டுவார்கள். ஷார்ட் ஆன காயில் இருக்கும் பள்ளத்துக்கு மேல் பிளேடு வரும்போது அது படபடவென்று அதிரும். ஒரு முழுச் சுற்றிலும் பிளேடு அமைதியாக இருந்தால் ஆர்மேச்சரில் ஷார்ட் இல்லை. கம்யூடேட்டரை லேத்தில் ஓடவிட்ட பிறகு, பட்டைகளுக்கு இடையே உள்ள மைக்காவை அரை மி.மீ. அளவுக்குக் கீழே வெட்டியிருக்கிறார்களா என்றும் விரல் நகத்தால் தடவிப் பார்த்துவிடலாம். மோல்டு செய்த கம்யூடேட்டர் சிலவற்றுக்கு மட்டும் அது தேவையில்லை.

எக்ஸ்சேஞ்ச் மோட்டாரில் நியாயமான வசதி ஒன்று உண்டு. லோடோடு ரோட்டில் நிற்கும் வண்டிக்கு மோட்டாரைத் திறந்து பார்க்க நேரம் ஏது? இந்த வாதம் முற்றிலும் சரி. அப்போது கிடைத்ததைப் போட்டுக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். ஆனால் முடிந்தால் பழைய மோட்டாரைக் கொடுத்துவிடாமல், அதற்கான தொகையைச் சேர்த்துக் கட்டிவிட்டு, உங்கள் மோட்டாரை வண்டியிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள். ஊர் திரும்பித் திறந்து பார்த்தால் காரணம் தெரியும். சரிசெய்து வைத்தால் அதுவே ஸ்பேராகும். கொடுத்துவிட்டால் தடயமும் போய்விடும், நல்ல பாடியும் போய்விடும். எக்ஸ்சேஞ்சில் வரும் மோட்டார் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று தெரியாது என்பதும் கவனிக்க வேண்டியது. லேலண்டின் என்ஜின்கள் நம் கடற்கரை விசைப்படகுகளிலும் ஓடுகின்றன. உப்புக் காற்றில் இருந்த மோட்டாரின் உள்திருகுகளிலும் டெர்மினல்களிலும் பச்சை பூத்திருக்கும். அதோடு, படகு மோட்டார்களில் சில பாடி எர்த்து இல்லாமல் இரண்டு முனையும் தனியே பிரித்தவை. பின்பக்கம் ஒரு டெர்மினல் அதிகமாக இருந்தால் லாரிக்கு எடுக்கும் முன் நன்றாக விசாரியுங்கள்.

எதை வாங்கினாலும் பெயர்ப்பலகையைப் படிக்காமல் வாங்கக்கூடாது. வோல்ட், கிலோவாட், சுற்றும் திசை, பல்லின் எண்ணிக்கை, பல்லின் பருமன், ஃபிளாஞ்சில் துளைகள் இருக்கும் இடம், சொலினாய்டு உட்காரும் கோணம் எல்லாம் பழையதோடு பொருந்த வேண்டும். பல் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ மாட்டும்போது தெரியாது. அரைக்க ஆரம்பித்த பிறகுதான் தெரியும். மாட்டியபின் ஓய்வில் இருக்கும் பல்லுக்கும் ரிங்குக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். 12 வோல்ட் மோட்டாரை 24 வோல்ட் வண்டியில் போட்டால் "சும்மா பறக்கும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பறக்கும்தான். இரட்டிப்பு வோல்ட்டில் சொலினாய்டு காயில் கருகும், பல் ரிங்கில் அறைந்து மோதும், அதிக மின்சாரத்தில் கார்பன் பொசுங்கும். சேதத்தில் விலை உயர்ந்த பகுதி ரிங் கியர்தான்.

மலிவு நகலை ஆதரிப்பவர்கள் வலுவாகச் சொல்வது இதுதான்: வண்டியே இன்னும் சில வருஷம்தான், எதற்கு ஒரிஜினல்? வாரண்டியும் தருகிறார்களே? முதலில் வாரண்டி. அது மோட்டாருக்குப் பதில் மோட்டார் தரும். பாதி வழியில் நின்ற லோடுக்கும், வந்து பார்த்த எலக்ட்ரீஷியனின் கூலிக்கும், கழற்றி மாட்டியதற்கும் எதுவும் தராது. காயில் கருகியிருந்தால் அதற்கே பொருந்தாது என்றும் பல வாரண்டிகளில் எழுதியிருக்கும். வண்டியின் மிச்ச ஆயுளைப் பொறுத்தவரை, பழைய என்ஜினுக்குத்தான் நல்ல செல்ஃப் தேவை. கம்ப்ரஷன் சற்று இறங்கிய என்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் பற்றும். மெதுவாகச் சுற்றும் நகலில் அது எடுக்கவே எடுக்காது. செல்ஃபை நம்பாத ஓட்டுநர் லோடு இறக்கும் இடத்திலும் சாப்பிடும் இடத்திலும் என்ஜினை நிறுத்தாமல் விட்டுவைப்பார். ஐட்லிங்கில் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் டீசல் போகும். மிச்சம் பிடித்த பணம் சில வாரத்தில் சைலன்சர் வழியே வெளியேறிவிடும். நகல் எல்லாமே மோசம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒரே வகை, ஒரே கிலோவாட் என்று எழுதிய இரண்டு மோட்டாரைத் தராசில் வையுங்கள். ஒன்று கணிசமாக இலேசாக இருந்தால், குறைந்திருப்பது செம்பும் இரும்பும்தான். சூட்டைத் தாங்குபவை அவைதான்.

இந்தத் தராசுச் சோதனை கியர் ரிடக்‌ஷன் மோட்டாருக்குப் பொருந்தாது. அது வேறு கட்டமைப்பு. சிறிய மோட்டார் வேகமாகச் சுற்றும், உள்ளே இருக்கும் கியர் அந்த வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டும். எடை குறைவு, அதே வேலைக்குக் குறைந்த ஆம்பியர் போதும். குளிர்காலத்தில் குளிர் மிகுந்த ஊர்களுக்குப் போகிற வண்டிக்கு இது உண்மையான நன்மை. குளிரில் ஆயில் கெட்டிப்படும், பேட்டரியின் வலுவும் குறையும். உங்கள் மாடலுக்கென்று மூல உற்பத்தியாளரே அப்படியொன்று தந்தால் தயங்காமல் போடலாம். ஆனால் கேபிள் குறையையும் பேட்டரிக் குறையையும் மறைப்பதற்காக இதைப் போடுவது சரியில்லை. கொஞ்ச நாள் நன்றாக எடுக்கும். அந்த மூட்டில் துரு வளர்ந்துகொண்டே இருக்கும். கடைத்தெருவில் கிடைக்கும் மலிவு கியர் ரிடக்‌ஷன் வகைகளில் உட்பக்கப் பல்வளையம் பிளாஸ்டிக்காக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சிறிய என்ஜினுக்கு அது போதும். ஆறு சிலிண்டர் என்ஜின் நிறுத்தும்போது கம்ப்ரஷனில் பின்னோக்கி உதைக்கும் நேரத்தில் யாராவது சாவியைத் திருப்பிவிட்டால், அந்த அதிர்ச்சி முழுவதும் அந்த வளையத்தில்தான் இறங்கும்.

புது மோட்டார் மாட்டும் நாளில் ஃபிளாஞ்ச் உட்காரும் முகத்தில் பெயின்டும் துருவும் போகத் தேய்த்துவிடுங்கள். எர்த்து அந்த முகத்தின் வழியாகத்தான் வருகிறது. பேட்டரி மைனஸைக் கழற்றாமல் வேலை தொடங்க வேண்டாம். பென்டிக்ஸ் தண்டில் கிரீஸை அப்பவும் வேண்டாம். தூசியோடு கலந்து அது பசையாகிவிடும், மெல்லிய பூச்சு போதும். ஓட்டுநரிடம் ஒரு கட்டுப்பாட்டைச் சொல்லுங்கள்: ஒருமுறைக்கு 10, 15 விநாடிக்கு மேல் அடிக்கக்கூடாது, எந்த நிலையிலும் 30 விநாடியைத் தாண்டக்கூடாது, எடுக்காவிட்டால் இரண்டு நிமிடம் ஆறவிட்டு அடுத்த முறை. மூன்று முறைக்கும் எடுக்கவில்லை என்றால் குறை பெரும்பாலும் டீசல் பக்கம். ஹேண்ட் பம்பு அடித்து ஏர் எடுப்பதுதான் அடுத்த வேலை. பிறகு மல்டிமீட்டரை மறுபடி எடுத்து, முன்பு சொன்ன மூன்று அளவையும், பிளஸ் பக்கம், எர்த்துப் பக்கம், சுற்றும்போது பேட்டரி வோல்ட் என்று ஒரு தாளில் தேதியோடு எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிடுங்கள். எஃப்.சி.க்கு வண்டியைத் தயார் செய்யும் ஒவ்வொரு முறையும் அதே மூன்றையும் அளந்து பக்கத்தில் எழுதினால், எந்த மூட்டில் துரு ஏறுகிறது என்பது மோட்டார் நின்றுபோவதற்கு முன்பே தெரிந்துவிடும்.